தலை அளந்தவள்

வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் 1954ஆம் ஆண்டில் முப்பத்தொரு குழந்தைகள் இருந்தன. தாய்மார் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் அவற்றை இறக்கிவிட்டுப் போவார்கள். பத்து மணிக்கு மலையிலிருந்து ஓடிவந்து பால் கொடுப்பார்கள். கங்காணி சத்தம் போடுவதற்குள் மறுபடி ஓடுவார்கள். மற்ற நேரமெல்லாம் முப்பத்தொன்றுக்கும் தாய் இராக்கம்மாதான்.

நாற்பதைத் தாண்டிய பெண். படிப்பு கிடையாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தடவினால் போதும், எது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவாள். எண்ணெய் வைப்பது, பேன் பார்ப்பது, சிரங்குக்கு மருந்து தடவுவது எல்லாம் அந்தக் கையால்தான். அந்தக் கைதான் முதலில் சந்தேகப்பட்டது.

வீரசிங்கம், ஜெயலெட்சுமி தம்பதியின் மகள் குணமணிக்கு அப்போது எட்டு மாதம். தை மாத மழையில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. கழுத்தை வளைக்கவிடாமல் குழந்தை பத்து நாள் முனகிக் கிடந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் எல்லாக் காய்ச்சலுக்கும் உரிய வெள்ளைத் தண்ணீர் மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. ஆனால் அதற்குப் பிறகு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் உச்சிக்குழி குழியாக இல்லாமல், பிசைந்து வைத்த மாவைப் போல மேலெழும்பி நிற்பது இராக்கம்மாவின் விரல்களுக்குப் பட்டது. துரையின் மனைவி துரைசாணி கொடுத்த கம்பளித் தொப்பி மாசியில் ஏறியது, பங்குனியில் ஏறவில்லை.

"தலை பெருத்தா மூளை பெருசுன்னு அர்த்தம் அக்கா. எம் மக கிளாக்கரம்மாவா வரப்போறா பாருங்க," என்று ஜெயலெட்சுமி சிரித்தாள்.

இராக்கம்மா சிரிக்கவில்லை. ஒரு நூலை எடுத்துக் குழந்தையின் தலையைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டாள். மறுநாளும் அளந்தாள். அளவு வேறாக இருந்தது. ஒரே நாளில் தலை சிறுத்துவிடுமா? நூல் இழுபடுகிறது என்று அவளுக்கே புரிந்தது. அதனால் சாக்குத் தைக்கும் முறுக்குச் சணலுக்கு மாறினாள். அதுவும் ஏமாற்றக்கூடுமே என்று இன்னொன்றும் செய்தாள். பிள்ளைக்காம்பராவில் கஞ்சி ஊற்றுகிற பித்தளைச் சொம்பு ஒன்று இருந்தது. தலையை அளக்கும் அன்றெல்லாம் அந்தச் சொம்பின் வயிற்றையும் அதே சணலால் அளந்தாள். சொம்பு வளராது. சொம்பின் முடிச்சு நகர்ந்தால் சணல் பொய் சொல்கிறது. தலையின் முடிச்சு மட்டும் நகர்ந்தால் தலை வளர்கிறது.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத ஒரு பெண் தானே யோசித்துக் கண்டுபிடித்த முறை அது. அந்தத் தோட்டத்தில் எந்த மலையில் எந்த மாதம் கவ்வாத்து வெட்டினார்கள், எந்தச் செடி எத்தனை அங்குலம் துளிர்த்தது என்று ஆபீஸில் தடித்தடியாகப் புத்தகங்கள் இருந்தன. யார் இந்த நாட்டுக்காரர், யார் இல்லை என்று கணக்கெடுக்கவும் படிவங்களோடு ஆட்கள் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக வந்துபோன காலம் அது. தலைகளை எண்ணுவதற்கு ஆள் இருந்தது. அளப்பதற்கு இராக்கம்மாவைத் தவிர ஒருவரும் இல்லை.

சித்திரையில் தலையின் முடிச்சு சொம்பின் முடிச்சை எட்டியது. வைகாசியில் தாண்டியது. சணலையும் சொம்பையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போனாள். அங்கே மருந்து கொடுப்பவர் சிவசுப்பிரமணியம், யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தார் அவரை டாக்டரையா என்பார்கள், அவரும் மறுக்கமாட்டார்.

"இதென்ன, சொம்புக்கும் வருத்தமோ?" என்றார் அவர்.

"சொம்பு அப்பிடியேதான் இருக்குங்க. புள்ள தலைதான் ரெண்டு விரக்கடை கூடிப்போச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தாங்க."

"உனக்கென்ன விசரோ? தலை வளராமல் வாலோ வளரும்? சின்னப்பிள்ளையள் எண்டால் வளருங்கள்தானே. போ, போய்க் கஞ்சியைக் காய்ச்சு."

"மத்த முப்பது புள்ளைங்க தலையும் அளந்தேங்க. இப்பிடி வளரல்லைங்க."

 அவர் குடற்பூச்சிக்கு மருந்து ஒரு போத்தல் கொடுத்து அனுப்பினார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பால் கொடுக்கும் நேரத்தில், தாயின் மடியிலேயே குழந்தையின் கண் இரண்டும் இடது பக்கம் திரும்பி நின்றன. வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. ஜெயலெட்சுமி போட்ட அலறலில் மேல் மலையிலிருந்தெல்லாம் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி சாவியைக் கையில் திணித்தாள். ஒருத்தி கவ்வாத்துக் கத்தியை நெஞ்சில் வைத்தாள். இராக்கம்மா கத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்து வாயைத் துடைத்தாள். வலிப்பு தானாக நின்றது. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு முறை வந்தது.

இதற்குள் லயத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தலை பெருத்தது முன்வினை. இழுப்பு, ஆற்றங்கரையில் பிடித்த காற்று. இரண்டும் வேறு வேறு. இரண்டுக்கும் வேறு வேறு பரிகாரம். உடுக்கை அடித்துக் குறி சொல்கிற கோடாங்கி வந்தான். வெள்ளிக்கிழமை காலை பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நெற்றியில் ஒன்று, உச்சியில் ஒன்று சூடு போட்டால் காற்று இறங்கிவிடும் என்றான். வீரசிங்கம் தலையாட்டிவிட்டான். இரும்பு கூடத் தயார்.

புதன்கிழமை இராக்கம்மா லயத்தில் அவன் குடியிருந்த காம்பராவுக்குப் போனாள்.

"ஏன்டா வீரசிங்கம், போன மாசம் பல்லு வலின்னு உருண்டியே, அப்ப நெத்தியில சுட்டுக்கிட்டியா?"

"அக்கா, இது வேற. இது காத்து."

"காத்தா? தலை வளந்தது மாசியில. இழுப்பு வந்தது ஆனியில. அந்தக் காய்ச்சலுக்கு முன்னாடி ரெண்டும் இல்ல. நாம்பாட்டுக்கு முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன், வந்து பாரு. ரெண்டும் ஒரே எடத்துலருந்துதான்டா வருது. இந்தப் பிஞ்சு மண்டைக்குள்ள என்னமோ நெறஞ்சு முட்டுது. சுட்டா அது வெளிய வந்துருமா?"

"அப்ப என்னதான் அக்கா செய்யச் சொல்றீங்க?" ஜெயலெட்சுமி விம்மினாள்.

"எந் தம்பிக்கும் இழுப்பு இருந்துச்சு. ஏழு சூடு போட்டாங்க. நாந்தான் காலைப் புடிச்சிக்கிட்டேன். ஏழு புண்ணும் ஆறிருச்சு. இழுப்பு ஆறல. பதினாறு வயசுல அடுப்புக்குள்ள விழுந்து செத்தான்." அவள் குரல் உயரவில்லை. "வெள்ளிக்கெழமை வரைக்கும் புள்ளைய எங்கிட்டக் குடு. பதுளைக்குக் கொண்டு போறேன். அங்கயும் முடியாதுன்னா, உன் இரும்பு எங்கயும் ஓடிறாது."

கொழுந்து கூடிய காலம். பெற்றவர்கள் இருவருக்கும் லீவு இல்லை. துண்டும் இல்லை. வியாழக்கிழமை விடிந்ததும் பிள்ளைக்காம்பராவை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, லுணுகலை வரைக்கும் நடந்து, பசறை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள். திரும்பி வந்தபோது எட்டு நாள் பெயர் வெட்டுப்பட்டுக் கூலி போயிருந்தது. இனி இப்படி நடந்தால் வேலையே இல்லை என்று கணக்கப்பிள்ளை மிரட்டினார். ஒரு குழந்தையின் மண்டையைக் காய்ச்சிய இரும்பிலிருந்து காப்பாற்றப் போனவளுக்கு அந்தத் தோட்டம் கொடுத்த சன்மானம் அது.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் புவாத் இளம் வயதுக்காரர். மற்றவர்களைப் போல அவசரப்படாமல் சணலை வாங்கி மேசையில் நீட்டி, அடிக்கோலை வைத்து முடிச்சு முடிச்சாக அளந்து எழுதினார். சொம்பின் முடிச்சுக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, இத எங்கட படிச்ச ஆக்களே மறந்துடுவாங்க." குழந்தையின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு விளக்கினார். "மூளைக்குள்ள எல்லாருக்கும் ஒரு தண்ணி ஊறும், வடியும். அந்தக் காய்ச்சல் மூளைய மூடியிருக்கிற தோலுல வந்த காய்ச்சல். அது வடியிற வழிய அடைச்சிட்டுது. சின்னப்புள்ளைக்கு மண்டை ஓடு இன்னும் பொருந்தல்ல, அதனால தண்ணி தேங்கத் தேங்க விரியுது. அதே காய்ச்சல் மூளையில தழும்பும் வச்சிட்டுப் போயிருக்கு. இழுப்பு அங்கயிருந்து கிளம்புது."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"இந்தப் புள்ளைக்கு ஒண்ணுதான். ஆனா அதையே எல்லாருக்கும் சொல்லிடாதீங்க. தலை பெருத்த எல்லாருக்கும் இழுப்பு வராது. இழுப்பு வர்ற எல்லாருக்கும் தலை பெருக்காது."

ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு சின்ன வெள்ளை மாத்திரைகள் கொடுத்தார்கள். காலையில் அரை, சாயங்காலம் அரை, பொடித்துக் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு தடவை தலையை அளக்க வேண்டும். தலை பெருப்பது தானாக நின்றால் பிழைத்தது. நிற்காவிட்டால் கொழும்புக்கு அனுப்பலாம், அங்கும் இதற்குச் செய்யக்கூடியது கொஞ்சம்தான் என்றார் டாக்டர். கடைசியாக ஒன்றை இரண்டு தடவை சொன்னார்: "இழுப்பு நின்னாலும் மாத்திரைய நிப்பாட்டக் கூடாது. நோய் போகல்ல. மாத்திரை அதைப் புடிச்சி வச்சிருக்கு, அவ்வளவுதான்."

லயத்தில் அந்த வெள்ளிக்கிழமை சூடு போடப் பிள்ளை இல்லாமல் இரும்பு வீணாகக் கிடந்தது. கோடாங்கி கோபித்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு நான்கு வருடம். முடிச்சுகள் மாதா மாதம் கொஞ்சமாக நகர்ந்தன. இரண்டாவது வருடத்தில் மற்றக் குழந்தைகள் அளவுக்கே நகர்ந்தன. தண்ணீர் தனக்கு வேறு வழி கண்டுகொண்டது என்றார் டாக்டர் புவாத். தலை பெரிதுதான். லயத்துப் பிள்ளைகள் 'பூசணி' என்று கூப்பிட்டார்கள். குணமணி இரண்டு வயதில் உட்கார்ந்து, மூன்றில் நடந்து, நாலில் ஒரு கட்டு வார்த்தை பேசினாள். 'பூசணி' என்றவனைப் பார்த்து, "நீ அவரக்கா" என்று பதில் கொடுக்கிற அளவுக்குப் பேசினாள். வலிப்பு வரவே இல்லை. மாத்திரையை இராக்கம்மா காலையில் பிள்ளைக்காம்பராவில் கொடுப்பாள். மாலையில் தாய் கொடுப்பாள். லயத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இராக்கம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. சிவசுப்பிரமணியம் கூட, "உங்கட பெரிய டாக்டரம்மாவிட்டைக் கேளுங்கோ" என்று கேலியும் பொறாமையும் கலந்து சொல்வார்.

1958இல், மாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு லயங்களில் அம்மை வந்தது. கொப்புளிப்பான்தான், பெரியம்மை அல்ல. ஆனால் எந்த அம்மையானாலும் ஆத்தா வந்திறங்கியிருக்கிறாள் என்பதே லயத்துச் சட்டம். கீழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் வேப்பிலை வரவழைத்து வாசலில் செருகுவார்கள். தாளிக்கக் கூடாது. வெளியாள் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டுக்குள் மருந்து நுழையக் கூடாது. நுழைந்தால் ஆத்தாவை விரட்டியதாகும். அவள் போகும்போது பிள்ளையையும் கொண்டுபோவாள்.

குணமணிக்கும் போட்டது. அன்று மாலை ஜெயலெட்சுமி தன் வாசலில் நின்றபடியே, வெளியே நின்ற இராக்கம்மாவிடம் கேட்டாள்:

"அக்கா, மாத்திரைய என்ன செய்ய? குடுக்கவா, வேணாமா? நீங்க சொல்றதுதான்."

இராக்கம்மாவின் கண் வாசலில் செருகியிருந்த வேப்பிலைக்குப் போனது. 

இருபது வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது. அதற்குப் பெரியம்மை போட்டபோது அவள் புருஷன் யார் பேச்சையும் கேட்காமல் மருந்துச்சாலையிலிருந்து மருந்து வாங்கி வந்து ஊட்டினான். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. "ஆத்தாவை வெரட்டினியே" என்று லயமே அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னது. அந்தச் சொல்லோடு அவன் இரண்டு வருடம் குடித்துச் செத்தான். அந்த வருடம் மருந்தே குடிக்காத பதினான்கு பிள்ளைகளும் செத்தார்கள் என்பது இராக்கம்மாவுக்கு நன்றாகத் தெரியும்; அந்தப் பதினான்கு குழிகளையும் அவளே பார்த்தாள். ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. சொம்பை அளந்தவள், சணலையே சந்தேகப்பட்டவள், அந்த ஒரு இடத்தில் மட்டும் அளக்கத் துணியவில்லை. துக்கம் அங்கே காவல் நின்றது.

"ஆத்தா வீட்டுல இருக்கையில வேணாம்," என்றாள். "நாலு வருசமா இழுப்பு வரலியே. தண்ணி ஊத்தினதும் மறுபடி குடுப்போம்."

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் காலை காய்ச்சல் ஏறியது. முதல் கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதின நேரத்தில் வலிப்பு தொடங்கியது. முன்பெல்லாம் நூறு எண்ணுவதற்குள் நின்றுவிடும். இப்போது நிற்கவில்லை. நின்றது போல இருந்து, நினைவு திரும்பாமலே மறுபடி தொடங்கியது. உதடு நீலமானது. இராக்கம்மா பிள்ளைக்காம்பராவை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பங்களா வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் பாதையின் நடுவில் போய் நின்றாள். ஓட்டுநர் ஸமீம் பிரேக்கை மிதித்துவிட்டுக் கத்தினார்.

"சாகப் பாக்கிறியா!"

"புள்ள சாகுது அண்ணே. பதுளைக்கு."

"தொர கேட்டா என் சோத்துல மண்ணு..." என்று தொடங்கியவர் ஜெயலெட்சுமியின் கையில் கிடந்ததைப் பார்த்தார். இறங்கி, நாலு பெட்டியைத் தூக்கிப் பாதையோரப் புல்லில் வைத்து, இடம் செய்தார். "ஏறுங்க. தேயில நனைஞ்சா தொர இன்னொரு பெட்டி செஞ்சிக்குவாரு."

லுணுகலையைத் தாண்டும்போதும் இழுப்பு நிற்கவில்லை. பசறையில் கொஞ்சம் ஓய்ந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் நின்றது. அம்மை கண்ட பிள்ளை என்று தனி அறையில் வைத்தார்கள்.

டாக்டர் புவாத் வெளியே வந்து, "எத்தன நாள் நிப்பாட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு நாள் முழுசா. நாலாம் நாள் காலையிலயும் குடுக்கல." இராக்கம்மா நிமிர்ந்தே சொன்னாள். "இவ இல்லைங்க, நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "காய்ச்சலும் சேந்துக்கிட்டுது. பாப்பம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குணமணி பிழைத்தாள். ஆனால் வலது கை முன்போல மடங்கவில்லை. அந்தப் பக்கத்துக் கால் இழுத்தது. பேச்சில் பாதி போயிருந்தது. 'பூசணி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், பதில் இல்லை.

லயத்தில் புதுத் தீர்ப்பு வந்தது: ஆத்தா இருக்கும்போது பதுளைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டதால்தான் கை போயிற்று. வேறு யாராவது என்றால் இந்தத் தீர்ப்பு சௌகரியமாக இருந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் இராக்கம்மாவின் பழி கழுவப்பட்டுவிடும். லயம் முழுவதும் அவள் பக்கம் நிற்கும். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் ஆறுதலாக அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஊசி போட்டது மத்தியானம். கை இழுத்தது காலையில. எது முந்தி, எது பிந்தி? ஆத்தா மேலயும் போடாதீங்க, ஆஸ்பத்திரி மேலயும் போடாதீங்க. அந்தக் கையை நாந்தான் எடுத்தேன். மாத்திரை வேணாம்னு சொன்ன வாய் இது."

  தவறு செய்துவிட்டு அதைத் தன் தவறு என்று சொல்லி ஊரறிய நிற்பவர்களைப் பெரிய பங்களாக்களிலும் அரசாங்கக் கச்சேரிகளிலும் தேடித்தான் பார்க்க வேண்டும். அன்று அந்தப் பீலிக்கரையில் ஒருத்தி நின்றாள்.

ஜெயலெட்சுமி ஐந்து மாதம் அவளோடு பேசவில்லை. ஆனாலும் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். மாத்திரைப் பொட்டலத்தையும் ஒன்றும் சொல்லாமல் கையில் வைத்தாள். இராக்கம்மா தினமும் அந்த வலது கையை எண்ணெய் தடவி நீட்டி மடக்கினாள். சணலில் அளப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் கை வாய் வரைக்கும் எழுந்தது. பேச்சு இருபது முப்பது சொல்லாகத் திரும்பியது. அதற்கு மேல் வரவில்லை.

1960இல் மறுபடியும் அம்மை. இந்த முறை குணமணியின் இரண்டு வயதுத் தம்பிக்கு. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. குணமணிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதே காம்பரா, அதே கூரை. அந்தக் கூரைக்குக் கீழே யாருக்கும் மருந்து ஆகாது. பெரட்டுக்குப் புறப்பட்ட பெண்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராக்கம்மா என்ன செய்யப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

வீரசிங்கம் வாசலில் குறுக்கே நின்றான்.

"அக்கா, பிள்ளைக்காம்பராவுல வச்சுக் குடுத்துருங்க. இங்க வேணாம். நாலு பேரு பாக்கிறாங்க."

"நாலு பேரு பாக்கணும்னுதான்டா இங்க வந்தேன். மறைச்சுக் குடுத்தா, நாளைக்கி இன்னொருத்தி புள்ளைக்கு நிப்பாட்டுவா." அவள் வேப்பிலையின் பக்கம் ஒரு கணம் பார்த்தாள். "ஆத்தா வந்தது அவனுக்கு. இது இவளுக்கு. இழுப்பு ஆத்தாளுக்கு முன்னாடியே இந்த வீட்டுல குடியிருக்கு. அதுக்குக் குடுக்கிறத ஏன் அவ கேக்கப்போறா? கேட்டா எங்கிட்டக் கேக்கட்டும்."

பின்னாலிருந்து ஜெயலெட்சுமி புருஷனை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். குணமணியை இடுப்பில் இருத்தியிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இடுப்பு பொருந்தவில்லை. பெரிய தலை தாயின் தோளில் பாரமாகச் சாய்ந்திருந்தது.

இராக்கம்மா மாத்திரையைப் பொடித்து உள்ளங்கையில் தேனில் குழைத்தாள். குழைந்த பிறகும் குழைத்துக்கொண்டே இருந்தாள்.

"பயமா இருக்காக்கா?" ஜெயலெட்சுமி மெல்லக் கேட்டாள்.

"பயமாத்தான் இருக்கு." நாக்கில் தடவினாள். "அந்த நாலாம் நாளை நெனச்சா, இது ஒண்ணுமில்ல."

குணமணி சப்புக்கொட்டினாள். முகத்தைச் சுளித்து, "கச்சு" என்றாள். வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கங்காணியின் குரல் மேலிருந்து கேட்டது; பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

பதினோராம் நாள் தம்பிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பதினோரு நாளும் காலையிலும் மாலையிலும் அதே வாசலில், வேப்பிலைக்குக் கீழே, அக்காவுக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருந்தார்கள். அடுத்த லயத்தில் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒருவன் வீட்டில் அம்மை கண்டது. அவன் மனைவி பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்து, மருந்தை நிறுத்தவா என்று கேட்டாள். இராக்கம்மா பதில் சொல்லுமுன், உள்ளே பிள்ளையை இறக்கிக்கொண்டிருந்த ஜெயலெட்சுமி திரும்பி, "நிறுத்தாத," என்றாள்.